மோட்டார் நியூரான் நோய்: நரம்பில் தொடங்கித் தசையில் தெரிவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிய வந்ததும் குடும்பம் குழம்பிப்போகும். மருத்துவர் "நரம்பில் கோளாறு" என்கிறார், கண்ணெதிரே மெலிந்துகொண்டு வருவதோ கைச் சதை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஆனால் நடக்கும்போது கால் விறைக்கிறது. இந்த நோய் எந்தச் செல்லைத் தாக்குகிறது, அந்தச் செல்லின் வேலை என்ன என்று புரிந்துவிட்டால், அடுத்தடுத்து வரும் அறிகுறிகள் புதிராகத் தோன்றாது. எந்த உதவியை எப்போது கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இதைப் படித்துவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன்.

மோட்டார் நியூரான் என்றால் என்ன?

நியூரான் என்பது நரம்பு செல். அவற்றில் தசைக்கு "அசை" என்று கட்டளை கொண்டுபோகும் வகைதான் மோட்டார் நியூரான். பேனா பிடிப்பது, படியேறுவது, மெல்லுவது, பேசுவது என்று நாம் நினைத்துச் செய்யும் அசைவு எதுவானாலும் இந்தச் செல்களின் வழியாகத்தான் நடக்கிறது.

கட்டளை இரண்டு கை மாறிப் போகிறது. முதல் செல் மூளையின் மேற்பரப்பில், அசைவுக்கான பகுதியில் இருக்கிறது. அதன் நீண்ட இழை மூளைத்தண்டுக்கோ தண்டுவடத்துக்கோ இறங்கி வருகிறது. இதை மேல் மோட்டார் நியூரான் என்பார்கள். இறங்கி வரும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இரண்டாவது செல், தன் இழை வழியாக அதைத் தசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இது கீழ் மோட்டார் நியூரான். தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் கீழ்ச் செல்கள் கை, கால், முதுகு, மூச்சுத் தசைகளைக் கவனித்துக்கொள்கின்றன. மூளைத்தண்டில் இருப்பவை முகம், நாக்கு, தொண்டையைக் கவனிக்கின்றன.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ் மோட்டார் நியூரானின் உடல் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் பாதத்தை அசைக்கும் செல்லின் இழை, முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் ஓடுகிறது. அந்த இழை உயிரோடிருக்கத் தேவையான புரதங்களில் பெரும்பகுதியைச் செல்லின் உடல்தான் தயாரித்து, அவ்வளவு தூரம் அனுப்பிவைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஓயாமல் இதைச் செய்கிற செல் இது.

தசையில் நோய் இல்லை என்கிறீர்கள். பிறகு தசை ஏன் மெலிகிறது?

நரம்பின் முனை தசையைத் தொடும் இடத்தில் அசெட்டைல்கொலின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது பட்டதும் தசை சுருங்குகிறது. அசைவு என்பது அவ்வளவுதான். ஆனால் நரம்போடு உள்ள இந்தத் தொடர்புதான் தசை நார் தன் பருமனைக் காப்பாற்றிக்கொள்வதற்கும் காரணம். நரம்பு விலகிவிட்டால் நார் வேலை இழக்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வற்றிப்போகிறது.

இந்த நோயின் முக்கிய வகைக்கு வைத்த பெயரிலேயே இது இருக்கிறது. பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜான் மார்ட்டின் ஷார்கோ 1869-இல் இதை விவரித்தார், 1874-இல் அமையோட்ரோஃபிக் லேட்டரல் ஸ்க்ளீரோசிஸ் (சுருக்கமாக ஏ.எல்.எஸ்) என்று பெயரிட்டார். அமையோட்ரோஃபிக் என்றால் தசைக்கு ஊட்டம் அற்றுப்போதல். லேட்டரல் என்பது தண்டுவடத்தின் பக்கப் பகுதி, மேல் நியூரான்களின் இழைகள் இறங்கிவரும் வழி. ஸ்க்ளீரோசிஸ் என்றால் இறுகிப்போதல். இழைகள் அழிந்த இடம் தழும்பாக இறுகியிருப்பதை அவர் கண்டார். தசை, தண்டுவடம், மூளை மூன்றும் ஒரே பெயருக்குள் வந்துவிடுகின்றன.

கை மெலிவதைப் பார்க்கும் வீட்டார் "சத்து போதவில்லை" என்று நினைத்து டானிக், புரதப் பொடி என்று வாங்கித் தருவார்கள். அந்த அன்பு புரிகிறது. ஆனால் இந்த மெலிவு சத்துக்குறைவால் வந்தது அல்ல. நரம்பு இல்லாத தசையை எந்தப் பொடியும் திரும்ப வளர்க்காது. சாப்பாடு இந்த நோயில் மிக முக்கியம்தான், அதன் காரணம் வேறு. கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

ஒருவருக்குக் கை துவள்கிறது, இன்னொருவருக்குக் கால் விறைக்கிறது. இரண்டும் ஒரே நோயா?

ஆம். எந்தச் செல் முதலில் போகிறது என்பதைப் பொறுத்து நோயின் தோற்றம் மாறுகிறது.

கீழ் நியூரான் அழிந்தால் தசைக்குக் கட்டளையே வராது. தசை தளர்ந்து, துவண்டு, மெலிகிறது. முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சுத்தியலால் தட்டும்போது கால் துள்ள வேண்டும் அல்லவா, அந்தத் துள்ளல் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும்.

மேல் நியூரான் அழிந்தால் நடப்பது நேர் எதிர். மேல் நியூரான் கட்டளை மட்டும் தருவதில்லை, கீழ்ச் செல்கள் தாமாகக் குதிக்காமல் அடக்கியும் வைக்கிறது. அந்தப் பிடி தளர்ந்ததும் தசை எப்போதும் பாதி முறுக்கிலேயே இருக்கிறது. கால் விறைத்து, தரையை உரசிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினாலே கால் எகிறும். பலம் ஓரளவு இருந்தாலும் வேகமும் நுணுக்கமும் போய்விடுகின்றன. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது, நாக்கு புரள மறுக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே வரும். மெலிந்து போன கையில் தட்டினால் அது துள்ளுகிறது என்றால், அந்த ஒரு காட்சி நரம்பியல் மருத்துவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். மெலிந்த தசையில் துள்ளல் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால் ஒரே கைக்கான மேல், கீழ் நியூரான்கள் இரண்டுமே பழுதாகின்றன என்று பொருள்.

தோலுக்கு அடியில் தசை துடிக்கிறது. இந்த நோய்தானா?

பெரும்பாலும் இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கண்ணிமை துடித்ததற்கும் கெண்டைக்கால் துடித்ததற்கும் இணையத்தில் தேடிவிட்டு, மாதக்கணக்கில் தூக்கமிழப்பவர்கள் பலர். களைப்பு, பதற்றம், அதிகமான காபி, கடுமையான உடற்பயிற்சி இவற்றால் நலமாக இருப்பவர்களுக்கும் தசை துடிக்கும்.

மோட்டார் நியூரான் நோயில் வரும் துடிப்பு, செத்துக்கொண்டிருக்கும் கீழ் நியூரானும் அதன் இழையும் தாமாகவே சமிக்ஞை அனுப்புவதால் வருகிறது. அதனால் கூடவே பலக்குறைவோ மெலிவோ இருக்கும், அல்லது வந்து சேரும். துடிப்பு மட்டும் இருந்து, வேலை செய்யும் திறன் முன்போலவே இருந்தால், மருத்துவர் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று சொன்னால் அதை நம்பலாம்.

முதல் அறிகுறி எங்கே தெரியும்?

ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கையிலோ காலிலோ, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்குகிறது. சாவி திருப்ப முடியவில்லை, பாட்டில் மூடி திறக்க வரவில்லை, செருப்பு காலிலிருந்து நழுவுகிறது, சமதரையிலேயே கால் தடுக்குகிறது. வலி பெரிதாக இருக்காது, மரத்துப்போகவும் செய்யாது. அதனால்தான் பலர் இதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். கால் பங்கு அல்லது கொஞ்சம் கூடுதலானவர்களுக்கு முதலில் பேச்சு குழறும், தண்ணீர் குடித்தால் புரையேறும். மிகச் சிலருக்கு மூச்சில்தான் முதலில் தெரியும்.

கையில் ஒரு விநோதமும் உண்டு. கட்டைவிரலுக்கு அடியிலுள்ள மேடும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையும் வற்றிக் குழிவிழும். சுண்டுவிரல் பக்க மேடு மட்டும் ஓரளவு அப்படியே இருக்கும். பல சமயம் ஒரே நரம்பு போகும் தசைகள்கூட இப்படி வேறுவேறாக மெலிவதால், இது கையில் ஒரு நரம்பு அழுந்தியதால் வந்தது அல்ல என்று மருத்துவர் ஊகிக்கிறார்.

தொடங்கிய இடத்திலிருந்து பெரும்பாலும் பக்கத்துப் பகுதிக்குப் பரவும். வலது கையில் ஆரம்பித்தால் அடுத்து இடது கை, பிறகு கால் என்று போவது வழக்கம். எவ்வளவு வேகத்தில் என்பது ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும்.

போன மாதம்வரை நன்றாகத்தானே இருந்தார்? திடீரென்று எப்படி?

திடீரென்று வந்ததல்ல. உடம்பு இழப்பை வெளியே தெரியாமல் ஈடுகட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒரு கீழ் நியூரான் ஒரே ஒரு தசை நாரை ஆள்வதில்லை. கண்ணை உருட்டும் தசைகளில் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ பத்து நார்கள், காலின் பெரிய தசைகளில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு செல் செத்தால் அது ஆண்ட நார்கள் எல்லாம் அநாதையாகிவிடும். அப்போது பக்கத்தில் உயிரோடிருக்கும் செல்லின் இழை புதிதாகக் கிளைவிட்டு அந்த நார்களைத் தத்தெடுத்துக்கொள்ளும். இன்னொரு செல் போனால், மீதி உள்ளவை மறுபடியும் கிளைவிடும். இப்படித் தாங்கிக்கொள்வதால், ஒரு தசைக்கான செல்களில் பாதி அழிந்தபிறகும் பலம் குறையாததுபோல் இருக்கலாம்.

ஆனால் மிஞ்சிய ஒவ்வொரு செல்லும் இப்போது தன்னால் முடிந்ததற்கு மேல் சுமக்கிறது. இனிக் கிளைவிட இடமில்லை என்றாகிவிட்ட நிலையில் ஒரு செல் செத்தால், அது பிடித்து வைத்திருந்த நார்க் கூட்டம் மொத்தமும் ஒரேயடியாகக் கைவிட்டுப் போகும். வெளியே நமக்குத் தெரிவது அந்தக் கட்டம்தான். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே கவனித்திருந்தால்" என்று தங்களையே நொந்துகொள்ளும் குடும்பத்தாரிடம் நான் சொல்வது இதைத்தான்: கவனிப்பதற்கு அப்போது வெளியில் எதுவும் இருந்திருக்காது.

இந்தச் செல்கள் ஏன் சாகின்றன?

ஒரே காரணம் என்று ஒன்று இல்லை, பல பழுதுகள் சேர்ந்து வருகின்றன. இதில் மிகவும் கவனிக்க வேண்டியது டிடிபி-43 என்ற புரதம். செல்லின் உட்கருவுக்குள் இருந்து மரபுச் செய்திகளைச் சரிபார்க்க வேண்டிய இது, வெளியே வந்து கட்டி கட்டியாகத் திரண்டு கிடக்கிறது. 2006-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஏ.எல்.எஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்களின் செல்களில் இது காணப்படுகிறது. உட்கருவில் அதன் வேலை நின்றுபோகிறது, வெளியே அது குப்பையாகத் தேங்குகிறது. இரண்டாலும் கேடுதான்.

இதோடு குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் மிகுதியாகத் தேங்கிச் செல்லை ஓய்வில்லாமல் தூண்டி வதைக்கிறது. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது. நீண்ட இழைக்குள் பொருள்களை ஏற்றிச் செல்லும் போக்குவரத்து தடைப்படுகிறது. அக்கம்பக்கத்தில் துணையாக இருக்க வேண்டிய செல்களே நச்சாக மாறிக் கேட்டைக் கூட்டுகின்றன. 1 மீட்டர் நீளத்துக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய செல், இதில் எது நடந்தாலும் மற்ற செல்களைவிட எளிதில் விழுந்துவிடும் என்பது ஓரளவு புரிந்துகொள்ளக் கூடியதே. இழையின் முனை பல சமயம் முதலில் தசையை விட்டு விலகுகிறது, செல்லின் உடல் பிறகு சாகிறது.

எம்.என்.டி, ஏ.எல்.எஸ் இரண்டும் வேறா?

எம்.என்.டி என்பது மோட்டார் நியூரான் நோய்கள் அத்தனைக்கும் பொதுப்பெயர். மேல், கீழ் இரண்டு செல்களும் பாதிக்கப்படும் ஏ.எல்.எஸ் அதில் மிகப் பெரிய பங்கு. அதனால் பல நாடுகளில் இரண்டு பெயரையும் ஒன்றுபோலவே வழங்குகிறார்கள். மேல் நியூரான் மட்டும் பாதிக்கப்படும் வகை அரிது, மெதுவாகப் போகக்கூடியது. கீழ் நியூரான் மட்டும் பாதிக்கப்படும் வகையும் உண்டு, அதில் சிலருக்கு நாளாவட்டத்தில் மேல் நியூரான் அறிகுறிகளும் வந்து சேரும். தொண்டையிலும் நாக்கிலும் தொடங்கும் வகையை பல்பார் வகை என்பார்கள்.

இது பக்கவாதமா? நரம்புத் தளர்ச்சியா?

பக்கவாதம் மூளையின் ரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நிமிடங்களில் வருவது, பிறகு பலருக்கு ஓரளவு தேறும். இது மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போவது. "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லைக் கை நடுக்கத்திலிருந்து மனச்சோர்வுவரை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டால் வீட்டார் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று காத்திருப்பார்கள், நாள் வீணாகும். நோயின் சரியான பெயரையே சொல்லிப் பழகுவது நல்லது.

எதெல்லாம் பாதிக்கப்படாமல் இருக்கும்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

தொடு உணர்வு, சூடு, குளிர், வலி அனைத்தும் தெரியும். அவற்றைக் கொண்டுவருபவை உணர்வு நரம்புகள், மோட்டார் நியூரான்கள் அல்ல. அதனால் அசையாமல் கிடப்பவருக்கு வலி இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நிலையில் படுத்திருந்தால் தோள்பட்டை கடுக்கும், மூட்டு இறுகும், கொசு கடித்தால் அரிக்கும், சொரிந்துகொள்ளத்தான் முடியாது. பார்வையும் கேட்கும் திறனும் அப்படியே இருக்கும். இதயத் தசை தானே துடிப்பது, இந்தச் செல்களின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை.

கண்ணை அசைக்கும் தசைகளும் சிறுநீர், மலத்தை அடக்கும் தசைகளும் நம் விருப்பப்படி அசைபவைதான். ஆனாலும் அவற்றை ஆளும் செல்கள் இந்த நோயை வெகுகாலம் எதிர்த்து நிற்கின்றன. கை, கால், பேச்சு எல்லாம் போனபிறகும் ஒருவர் கண்ணால் "ஆம்", "இல்லை" சொல்ல முடிவது இதனால்தான்.

அறிவும் நினைவும் மழுங்குமா?

ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த மாற்றமும் இருக்காது. மற்றவர்களில் பலருக்கு லேசான மாற்றம் வரலாம்: முடிவெடுக்கத் தயங்குவது, சொல் கிடைக்காமல் தடுமாறுவது, எதிலும் நாட்டம் குறைவது. 100-இல் 10 முதல் 15 பேருக்கு மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சுருங்கும் ஒருவகை மறதி நோய் சேர்ந்து வரும். அவர்களிடம் நினைவு இழப்பைவிட நடத்தை மாறுவதே முதலில் தெரியும்.

காரணமில்லாமல் அழுவது, அடக்க முடியாமல் சிரிப்பது வேறு விஷயம். துக்க வீட்டில் சிரித்துவிட்டுக் கூனிக்குறுகிப் போனவர்கள் உண்டு. முகத்தில் அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் மேல் நியூரான் பாதையின் பிடி தளர்வதால் வருவது இது. மனதுக்குள் அவ்வளவு துயரமோ மகிழ்ச்சியோ இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பேச்சும் விழுங்குவதும் ஏன் சேர்ந்து கெடுகின்றன?

இரண்டுக்கும் அதே நாக்கு, அதே தொண்டை, மூளைத்தண்டில் அக்கம்பக்கத்துச் செல்கள். தொண்டைத் தசைகள் தளர்ந்தால் பேச்சு மூக்கால் வருவதுபோலவும், நாக்கு விறைத்தால் இழுத்து இழுத்து வருவதுபோலவும் இருக்கும். எச்சில் அதிகம் சுரப்பதாக எல்லோரும் நினைப்பார்கள். சுரப்பு அதே அளவுதான், முன்பெல்லாம் நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டிருந்தோம், இப்போது முடியவில்லை. எச்சிலைக் குறைக்கும் மருந்துகள் உண்டு.

தண்ணீர்போல் நீர்த்ததுதான் முதலில் புரையேறும், கெட்டியானது பிறகு. முகவாயைக் கீழே தாழ்த்தி விழுங்குவது, நீர்மத்தைக் கொஞ்சம் கெட்டியாக்குவது போன்றவற்றை விழுங்குதல் சிகிச்சையாளர் ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சொல்லித் தருவார். சாப்பிடும்போது அவசரப்படுத்தாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மூச்சு எப்போது பாதிக்கப்படும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மூச்சை இழுக்கும் முக்கியத் தசை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம். அதை ஆளும் கீழ் நியூரான்கள் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கின்றன. நுரையீரல் நன்றாகவே இருக்கும், காற்றை உள்ளே இழுக்கும் பலம்தான் குறையும். அதனால் முதலில் மூச்சுத் திணறல் என்று தெரியாமல்கூடப் போகலாம். தெரிவது இவைதான்: மல்லாந்து படுக்க முடியவில்லை, தலையணை கூடிக்கொண்டே போகிறது. இரவில் அடிக்கடி விழிப்பு. காலையில் எழும்போது தலைவலி. பகலெல்லாம் தூக்கம். குரல் மெலிகிறது, இருமினால் சளி வருவதில்லை. படுக்கும்போது உதரவிதானத்துக்குப் புவியீர்ப்பின் துணை இல்லை, தூக்கத்தில் மற்றத் தசைகளும் தளர்ந்துவிடும், அதனால் கரியமில வாயு உள்ளேயே தேங்குகிறது. காலைத் தலைவலிக்குக் காரணம் அதுதான். வீட்டார் இதைத் தூக்கமின்மை என்றும் மனக்கவலை என்றும் எண்ணித் தூக்க மாத்திரை கேட்பார்கள். மூச்சுத் தசை தளர்ந்தவருக்குத் தூக்க மாத்திரை ஆபத்தாகலாம்.

முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளிவிடும் இயந்திரம், பலர் பைபாப் என்று சொல்வது, இங்கே பெரிய உதவி. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைத் தசைகள் மிக மோசமாகாமல் இருந்தவர்களுக்கு இது ஏறத்தாழ 7 மாத ஆயுளைக் கூட்டியது, தூக்கத்தையும் பகல் நேரத் தெம்பையும் மீட்டுத் தந்தது. மருந்துகள் தரும் நன்மையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரியது என்பது கீழே தெரியும். ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் வைப்பது இதற்கு ஈடாகாது. தேங்கிய கரியமில வாயுவை அது வெளியேற்றாது, சில நேரம் நிலைமையை மோசமாக்கவும் செய்யும். அவசரத்தில் வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மூச்சு நன்றாக இருக்கும்போதே சில மாதங்களுக்கு ஒருமுறை மூச்சின் கொள்ளளவைச் சோதித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைக்கலாமா வேண்டாமா என்ற பெரிய கேள்வி வரும். அதை அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று முடிவு செய்யாமல், அவரால் தன் விருப்பத்தைச் சொல்ல முடிகிற நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

எடை குறைகிறதே, தசை வற்றுவதால்தானா?

அதுவும் ஒரு பங்கு. விழுங்கச் சிரமப்பட்டு உண்பது குறைவது இன்னொரு பங்கு. மூன்றாவதாக, பலருக்கு ஓய்வில் இருக்கும்போதே உடம்பு வழக்கத்தைவிட அதிக ஆற்றலை எரிக்கிறது. எடை வேகமாக இறங்குபவர்களுக்கு நோயும் வேகமாகப் போகிறது என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அதனால் எடையைக் கரையவிடாமல் காப்பது சிகிச்சையின் பகுதி. முன்பு சொன்னதுபோல் இது தசையை வளர்க்க அல்ல, உடம்பு தன்னையே தின்னாமல் இருக்க. வயிற்றில் நேரடியாக உணவு செலுத்தும் குழாய் பொருத்துவதாக இருந்தால் மூச்சு மிகவும் தளரும் முன்பே செய்துகொள்வது பாதுகாப்பு. குழாய் இருந்தாலும் விழுங்க முடிகிறவரை ருசிக்காக வாயாலும் சாப்பிடலாம்.

எப்படி உறுதி செய்வார்கள்?

"இதுதான்" என்று ஒரே சோதனையில் சொல்லிவிட முடியாது. நரம்பியல் மருத்துவரின் கைப்பரிசோதனைதான் அடிப்படை. தசைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.எம்.ஜி சோதனையில், நரம்பை இழந்த நார்களும், மேலே சொன்ன தத்தெடுப்பும் தெரியும். தத்தெடுத்த செல்லின் மின் அலை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். எம்.ஆர்.ஐ எடுப்பது பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். அதனால்தான் "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்ற பதில் வருகிறது.

இந்த நோய்போலவே தோன்றி, சிகிச்சையால் தேறக்கூடியவையும் இருக்கின்றன: கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துவது, நரம்பும் தசையும் சேரும் இடம் பழுதாகும் மயஸ்தீனியா, இம்யூனோகுளோபுலின் ஊசிக்குக் கட்டுப்படும் ஒருவகை நரம்பு அழற்சி. இவற்றை ஒதுக்கியாக வேண்டும் என்பதால் முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையே பலருக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிவிடுகிறது. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

பிள்ளைகளுக்கும் வருமா? தொற்றுமா?

தொற்றாது. நோயாளியைத் தொட்டு, அணைத்து, ஊட்டிவிட்டுத்தான் கவனிக்க வேண்டும், தயங்காதீர்கள்.

10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. மீதி ஒருவருக்குப் பரம்பரையாக வருகிறது. 1993-இல் எஸ்ஓடி1, 2011-இல் சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட மாற்றம் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக வழக்கமாகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் இருந்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மரபணுச் சோதனை செய்வதற்கு முன்பு மரபியல் ஆலோசகரிடம் பேசுவது அவசியம். தெரிந்துகொண்டதைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள முடியாதல்லவா.

மருந்து இருக்கிறதா?

குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ரிலுசோல் 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, குளூட்டமேட்டின் தூண்டுதலைக் குறைக்கிறது, ஆய்வுகளில் சராசரியாக 2 முதல் 3 மாதம் ஆயுளைக் கூட்டியது. அதைச் சாப்பிடும்போது கல்லீரலை அவ்வப்போது சோதிக்க வேண்டும். எடரவோன் 2015-இல் ஜப்பானிலும் 2017-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது, பின்னால் நடந்த சில ஆய்வுகளில் அதன் பலன் உறுதியாகவில்லை. எஸ்ஓடி1 மாற்றம் உள்ள சிறு பிரிவினருக்கு மட்டும் தண்டுவட நீரில் செலுத்தும் டோஃபர்சென் 2023-இல் அமெரிக்காவில் வந்தது. பழுதான புரதம் உருவாவதையே குறைக்கும் மருந்து இது, எனக்கு நம்பிக்கை தருவதும் இந்த வழிதான்.

ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இந்த நோய்க்கு இல்லை. முறையான ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பது வழக்கமில்லை.

உடற்பயிற்சி செய்யலாமா?

மிதமாகச் செய்யலாம். மூட்டுகளை மடக்கி நீட்டுவது தினமும் தேவை, விறைப்புக்கும் வலிக்கும் அது நல்லது. செய்து முடித்த பிறகு வெகுநேரம் களைப்பு நீடித்தாலோ மறுநாள் பலம் குறைந்தாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஏற்கனவே தாங்க முடியாத சுமையைத் தாங்கும் செல்கள் அவை.

எவ்வளவு காலம் இருப்பார்?

கேட்கவே நாக்கு கூசும் கேள்வி, ஆனால் எல்லோர் மனதிலும் இருப்பது. அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 ஆண்டுகள். 10 பேரில் ஏறத்தாழ ஒருவர் 10 ஆண்டுகளைத் தாண்டுகிறார். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல், 21 வயதில் நோய் தெரிந்தது, 2018-இல் 76 வயதில் இறந்தார். அவர் மிக அரிதான விலக்கு. இளம் வயதில் தொடங்குவதும் மெதுவாகப் பரவுவதும் நீண்ட காலத்துக்கான அறிகுறிகள். தொண்டையிலோ மூச்சிலோ தொடங்குவது அதற்கு எதிர். உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த வேகத்தில் போகிறார் என்பதை முதல் 6 மாத மாற்றங்களைப் பார்த்து மருத்துவரால் ஓரளவு சொல்ல முடியும்.

பேச்சு போனபிறகு எப்படிப் பேசுவது?

போவதற்கு முன்பே தொடங்குங்கள். பேச்சு தெளிவாக இருக்கும்போது அவர் குரலைப் பதிவு செய்து வைத்தால், பின்னால் கணினி அதே குரலில் பேசுவதற்குப் பயன்படும். சில வாக்கியங்களை அப்படியே முழுதாகவும் பதிந்து வையுங்கள்: பேரப்பிள்ளையைக் கூப்பிடும் விதம், அவர் அடிக்கடி சொல்லும் சொல், கோபத்தில் சொல்வது உட்பட. கண் அசைவைப் பின்தொடர்ந்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் இருக்கின்றன. அதற்கு வழியில்லாவிட்டால் எழுத்துகளை வரிசையாக எழுதிய ஓர் அட்டை போதும். நீங்கள் ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போங்கள், சரியான வரிசை வந்ததும் அவர் கண்ணைச் சிமிட்டட்டும், பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக. முதலில் ஒரு வாக்கியத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்கும், பழகப் பழக வேகம் வந்துவிடும். பாதிச் சொல்லிலேயே ஊகித்து நீங்கள் முடித்துவிடாதீர்கள். அவரே சொல்லி முடிக்கட்டும்.